ரேடியேட்டருக்குக் கட்டிய மஞ்சள் துணி

எங்கள் மெக்கானிக்குகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஸ்பேனர் பிடித்தே பழகிய கை இது, பேனாவைக் கொடுத்தால் அதையும் முறுக்கப் பார்க்கும். ஆதம்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு அவர் கிளம்புவதாகத் தெரியவில்லை.

"அண்ணே, இப்ப வர்ற பசங்க ரேடியேட்டர்ல தண்ணி ஒழுகுதுன்னா ஒரு பாட்டில ஊத்திட்டு, சரியாயிடுச்சுன்னு அனுப்பிடறானுங்க. வண்டி நடுரோட்டுல நின்னுடுது. புகார் மேல புகார் வந்துகினே கீது. உங்க ஷெட்டுல இன்னா பண்ணீங்கன்னு அத்த மட்டும் எழுதுங்க" என்றார்.

'சரியாயிடுச்சு' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு இஸ்மாயில் பாய் ஞாபகம் வந்துவிட்டார். அந்தச் சொல்லை எங்கள் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தவர் அவர்தான். சரி, எழுதித்தான் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் முதலில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். அதை இழுத்து மூடியபோது எனக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருந்தது. நாலு இடத்தில் அலைந்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பாயின் ஷெட்டில் போய்ச் சேர்ந்தேன். கார் வேலை பழகிய கதையெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. கையை நசுக்கிக்கொண்டேன், திட்டு வாங்கினேன், பழகிவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான்.

பாய் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். முதலாளி, ஃபோர்மேன் எல்லாம் அவரே. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். மற்ற நேரத்தில் "தாஸு, இங்க வா" என்பவர், "வாங்க தாஸ் சார், உக்காருங்க" என்றார் என்றால் அன்றைக்கு நம் கதை கந்தல். ஒரு தடவை, ஒழுகலை அடைக்கும் ஸ்டாப் லீக் பவுடரைக் கரைத்து ஊற்றிய வண்டியின் சொந்தக்காரரிடம் நான் "ஆயிடுச்சு சார், எடுத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் பாய் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"இன்னாங்க சார் ஆயிடுச்சு? ஓட்டைய அடைச்சீங்களா? ஓட்டை அங்கயேதான் கீது. அது வாயில கொஞ்சம் பவுடர் போய் குந்திகினு கீது. அவ்ளோதான். 'நிக்குது'ன்னு சொல்லுங்க. 'ஆயிடுச்சு'ன்னு சொன்னா அந்த ஆளு திரும்ப வரமாட்டாரு. அப்புறம் வழியில ஆவி கிளம்பி நிக்கும்போது நம்மளத்தான் திட்டுவாரு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் 'நிக்குது' வேறு, 'ஆயிடுச்சு' வேறு. ரேடியேட்டரைக் கழற்றி, சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறையில் ஓட்டையைப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரவில்லை என்று பார்த்து, திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தால்தான் 'ஆயிடுச்சு'. ஒழுகல் இப்போதைக்கு நின்றிருக்கிறது, அவ்வளவுதான் என்றால் அது 'நிக்குது'.

இளைஞர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். பாய் ஸ்டாப் லீக் ஊற்றுவதற்கு முன் வண்டியை ஆறப்போடுவார். எவ்வளவு பெரிய மனிதர் அவசரப்படுத்தினாலும் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். மடித்த சாக்கை மூடிமேல் போட்டு, பாதி திருப்பி, ஆவியை விட்டு, அப்புறம்தான் திறப்பார். வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, சொட்டு எங்கே விழுகிறது என்று பார்ப்பார். ரப்பர் குழாய் கிழிந்திருந்தால் குழாயை மாற்று, பவுடர் கூடாது. தண்ணீர் பம்ப் ஒழுகினாலும் கூடாது. ரேடியேட்டருக்குள் இருக்கிற மெல்லிய குழாய்களில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் மட்டும்தான் பவுடர். அதையும் ஒரு குவளை வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். மேல்குழாய் கைக்குச் சுடும்வரை பேசமாட்டார். பிறகு புதுச் செய்தித்தாள் ஒன்றை விரித்து, அது நனையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடியைப் போடுவார். ஒரு ரேடியேட்டருக்கு ஒரு தடவைதான். இரண்டாவது தடவை ஊற்றினால் ஓட்டையோடு சேர்ந்து நல்ல குழாய்களும் அடைத்துக்கொள்ளும், என்ஜின் வெந்துவிடும். இதில் அவர் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை.

டிரைவர்கள் கைவசம் வேறு வைத்தியங்களும் இருந்தன. மஞ்சள் தூளைக் கொட்டுவார்கள். பீடிப் புகையிலையைப் பிரித்துப் போடுவார்கள். முட்டையின் வெள்ளைக் கருவை ஊற்றினால் உள்ளே வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்பார்கள், அது கொஞ்ச தூரத்துக்கு உண்மைதான். குளத்தங்கரைப் பக்கம் முட்டையே தொடாத ஒரு பெரிய குடும்பத்தின் டிரைவர் இந்த முட்டை வைத்தியத்தைச் செய்துவிட்டு, மறுநாள் வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சீமந்தத்துக்குப் போனார். பாதி வழியில் ஒரு வாடை கிளம்ப, ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நேராக எங்கள் ஷெட்டுக்கு வந்து, "பாய், வண்டிக்குள்ள என்னவோ வேகறது, என்னன்னு பாருங்கோ" என்றார் வீட்டுப் பெரியவர். டிரைவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "பழைய தண்ணிங்க சார், சூட்டுல வாடை வருது" என்று சொல்லி, அவர்களை ஆட்டோவில் அனுப்பி வைத்தார். அப்புறம் ரேடியேட்டரைக் கழுவ வேண்டிய தண்ணீர் அத்தனையையும் தெருக்கோடிப் பம்பிலிருந்து அந்த டிரைவரையே அடித்துக்கொண்டு வர வைத்தார். அந்த மனிதரின் வேலை தப்பியது. கடைசிவரை பாயைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்.

இனி மஞ்சள் துணி விஷயம். 'நிக்குது' என்று சொல்லி அனுப்பினால் மட்டும் போதவில்லை. வண்டி ஒழுகவில்லை என்றதும் மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள். அதனால் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் பைகள் இருக்கிறதே, அதைக் கிழித்து ஒரு பட்டையை ஸ்டியரிங் தண்டில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவார். உட்காரும்போதெல்லாம் கண்ணில் படும். முழு வேலையும் முடிந்த பிறகு, கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். வண்டிக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் துணி உறுத்தும், ஒரு வாரத்தில் வந்துவிடுவார்கள். இது தவறியதே இல்லை, வைதேகி மாமி வரும்வரை.

மாமி மந்தைவெளியில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் இருந்த பழைய அம்பாசடரைத் தானே ஓட்டுவார். அந்தக் காலத்தில் அம்பாசடர் ஓட்டும் மாமியைப் பார்க்கத் தெருவே திரும்பும், அவர் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார். அவருடைய கணவர் ராமநாதன் சாருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு நாள் அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். பள்ளிக்கூடத்தில் அந்த நாட்களில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாமியே அழைத்துப் போய், காத்திருந்து, அழைத்து வருவார்.

ஒருநாள் காலையில் வண்டி ஒழுகுகிறது என்று வந்தார். கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, உள்ளே ஒரு குழாய் அரித்துப்போயிருந்தது. கழற்றிப் பற்றவைக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க வண்டி வேண்டும் என்றார் பாய்.

"மத்தியானம் அவரை அழைச்சுண்டு போகணும் பாய். ஆட்டோவிலே குலுங்கினா அவருக்கு ஆகறதில்லை. இன்னிக்கு மட்டும் எப்படியாவது ஓட வச்சுடுங்கோ" என்றார் மாமி.

பாய் முறைப்படி எல்லாம் செய்தார். நின்றது. துணியை என்னைக் கட்டச் சொன்னார், கட்டினேன். "ஒரு வாரத்துல கொண்டாந்துடுங்கம்மா" என்று அவர் சொன்னதற்கு மாமி தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதமும் போயிற்று. மாமி வரவில்லை. லஸ் முனையில் வண்டி போவதை நானே பார்த்தேன், துணி அப்படியே இருந்தது. "கணக்கு டீச்சருக்கு வாரம்னா எத்தினி நாள்னு தெரியல போல" என்று நான் ஷெட்டில் கிண்டல் பண்ணினேன். பாய் சிரிக்கவில்லை. "பேஷன்ட்ட வச்சிகினு ஓட்டுது அந்தம்மா. நடுப் பாலத்துல நின்னா இன்னா பண்ணும்?" என்றார்.

அப்புறம் ஒரு மாலை மாமி வந்தார். வண்டியின் அடியில் மறுபடி சொட்டிக்கொண்டிருந்தது. இறங்கியதும் இறங்காததுமாக, "அதே பவுடரை இன்னொரு தடவை போட்டுடுங்கோ பாய்" என்றார்.

"அது முடியாதும்மா. கழட்டித்தான் ஆகணும். அன்னிக்கே சொன்னேனே."

"கழட்டினா அந்தத் துணியையும் அவுத்துடுவேளோ?"

"ஆமா. வேலை முடிஞ்சா அவுக்கணும், அதான் வழக்கம்."

மாமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். சாருக்கு மனசு விட்டுப் போயிருந்ததாம். ஊசியும் குழாயும் போதும், என்னை விட்டுவிடு என்று ஒவ்வொரு தடவையும் வாசல் கேட்டுக்கு முன்னால் நின்று வண்டியில் ஏற மறுப்பாராம். கெஞ்சி, அழுது, ஏற்றுவாராம் மாமி. நாங்கள் துணி கட்டிய அன்று மத்தியானமும் அதே தகராறோடுதான் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே ஸ்டியரிங்கில் மஞ்சள் துணி முடிந்திருப்பதைச் சார் பார்த்திருக்கிறார்.

"நான் கோவிலுக்கே போறவ இல்லை பாய். எனக்கு வேண்டுதல்லாம் பழக்கம் கிடையாது, அது அவருக்கும் தெரியும். அன்னிக்கு அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'நீயா வைதேகி?'ன்னு கேட்டார். நான் இல்லைன்னு சொல்லலை. ஒண்ணுமே சொல்லலை. அன்னிலேர்ந்து தானா வந்து ஏறி உக்காந்துக்கறார். சாப்பிடறார். அவரோட அக்கா கிட்னி தரேன்னு ரொம்ப நாளா சொல்லிண்டிருக்கா, வேண்டாம்னுட்டு இருந்தவர் இப்போ டெஸ்டுக்கு ஒத்துண்டிருக்கார். ஆபரேஷன் வரைக்குமாவது அந்தத் துணி அங்கேயே இருக்கணும். அதை அவுத்தா அவர் மறுபடி…"

கிண்டல் பண்ணிய நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு தாம்பூலப் பையின் கிழிசல் அங்கே ஒரு மனிதரை ஏற்றி உட்கார வைத்துக்கொண்டிருந்தது. அதன் கீழே ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது.

பாய் யோசித்தார். என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது தடவை ஊற்றமாட்டார், அது நிச்சயம். வேலையை முடித்துவிட்டுத் துணியை விட்டுவைப்பதும் அவர் செய்ததில்லை. முடிந்த வண்டியில் துணி இருந்தால் அது பொய் என்பார்.

"அம்மா, பவுடர் போடமாட்டேன். போட்டா சாரோட வண்டி நடுவழியில வெந்துடும். நாளைக்கு டயாலிசிஸ் இல்லல்ல? நாளைக்குக் காலையில நானே ஆள் அனுப்பி வண்டிய எடுத்துக்கறேன். என் வண்டியும் தாஸும் உங்க வாசல்ல நிக்கட்டும், அவசரம்னா இவன் ஓட்டுவான். துணிய யாரும் தொடமாட்டாங்க. அது சார் அவுக்கச் சொல்ற வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் பாயின் வண்டியோடு மந்தைவெளி வீட்டு வாசலில் நின்றேன். நல்லவேளை, நின்றேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. மாமி பள்ளிக்கூடத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாகத் தூக்கி வண்டியில் உட்கார வைத்து, மாமிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அடையாறுக்கு விட்டேன். நம் கையில் ஒருவருடைய உயிர் இருக்கிறது என்றால் பிரேக்கை மிதிக்கக்கூடப் பயமாக இருக்கும். திரு.வி.க. பாலத்தின் மேல் கொஞ்சம் காற்று வந்தது. சாய்ந்திருந்த சார் கண்ணைத் திறந்தார்.

"இது எங்க வண்டி இல்லையே. துணி எங்கே?"

"உங்க வண்டியிலதான் சார் கீது. யாரும் அவுக்கல. வண்டி சின்ன வேலைக்குப் போயிருக்குது."

அவர் லேசாகச் சிரித்தார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "கல்யாணப் பைத் துணிதானே அது? பின்பக்கம் சிவப்பா எழுத்துத் தெரியறது, 'மணமக்கள்'னு. மொத நாள் நான் நம்பிட்டேன். ரெண்டாவது தடவை போறச்சே படிச்சுட்டேன். என்னை ஏத்தறதுக்காக எங்கேயோ கையில கெடச்சதைக் கட்டியிருக்கா போலிருக்குன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சார்…"

"நான் பேசாம ஏறி உக்காந்ததும் அவ மொகத்தைப் பார்த்தேன்பா. அதைப் பார்த்தப்புறம் எப்படி எறங்கறது?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அவகிட்ட சொல்லிடாதே" என்றார்.

சொல்லவில்லை. அன்றைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டார்கள், மாலைக்குள் மூச்சு சீரானது. ஷெட்டுக்கு வந்து பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் மாமியின் வண்டியில் ரேடியேட்டரை மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அந்தம்மா அவருக்கோசரம் சொல்லல, அவரு அந்தம்மாவுக்கோசரம் சொல்லல. நடுவுல நமக்கு இன்னா வேலை? மூடிகினு ரேடியேட்டரப் பாரு நைனா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

அடுத்த சில மாதங்களில் ஆபரேஷன் நடந்தது. அக்காவின் சிறுநீரகம் அவருக்கு ஒத்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் காலையில் அந்த அம்பாசடர் எங்கள் சந்துக்குள் நுழைந்தது. மாமி ஓட்டினார். சார் தொற்று வராமலிருக்க வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஆனால் கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கினார்.

மாமி நேராகப் பாயிடம் வந்தார். "இவர் ரெண்டு நாளா எந்தக் கோவிலுக்கு வேண்டிண்டே, போய் முடிச்சுட்டு வரலாம்னு உயிரை எடுக்கறார். அதான் நேரே இங்கே அழைச்சுண்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "இந்தக் கோவில்தான். இவா கட்டினது. ரேடியேட்டருக்குக் கட்டினது. நான் வேண்டிக்கலை. உங்ககிட்ட சொல்ல தைரியம் வரலை."

"எழுத்தைப் படிச்சேனே வைதேகி" என்றார் சார். "கோவில் எதுன்னு உன் வாயாலே கேக்கணும்னுதான் நச்சரிச்சேன்."

மாமி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்திலிருந்தே எனக்கும் தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டார். கணக்கு டீச்சர் அல்லவா. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

"சரி தாஸு, நீதான கட்டின. அவுத்துடு" என்றார் பாய். கதவைத் திறந்து குனிந்து முடிச்சில் கை வைத்தேன். எண்ணெயும் வேர்வையும் பட்டு இறுகிப் போயிருந்தது. அப்போது பாய்க்கு என்னவோ தோன்றியிருக்க வேண்டும். "இரு" என்றார்.

"சார், டாக்டரு இன்னா சொல்றாரு? முழுசா ஆயிடுச்சாமா?"

சார் கொஞ்சம் யோசித்தார். "ஆயிடுத்துன்னெல்லாம் சொல்லமாட்டா பாய். காலம் பூரா மாத்திரை உண்டு. வருஷா வருஷம் பார்க்கணும். இப்போதைக்கு நன்னா நிக்கறதுன்னு சொன்னார்."

பாய் என் கையை முடிச்சிலிருந்து எடுத்துவிட்டார்.

"அப்ப துணி இருக்கட்டும்" என்றார்.

அவரிடம் வேலை பார்த்த காலத்தில் நான் கட்டிய மஞ்சள் துணிகளுக்குக் கணக்கு கிடையாது. எல்லாவற்றையும் நானே அவிழ்த்தேன், அது ஒன்றைத் தவிர. அதற்குப் பிறகும் பல வருஷங்கள் அந்த வண்டி எண்ணெய் மாற்றவும் பிரேக் பார்க்கவும் எங்கள் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் மாமிதான் ஓட்டி வருவார், பக்கத்தில் சார் இருப்பார். பாய் முதலில் ரேடியேட்டரைப் பார்க்கமாட்டார். ஜன்னல் வழியாகக் குனிந்து, "இன்னா சார், நிக்குதா?" என்று கேட்பார். "நிக்கறது பாய்" என்பார் அவர்.